மறு: ஐட்லிங்குக்குத் தமிழ்ச்சொல் (இன்ஜின் வேலைக்குப் பின் வரும் கோளாறுகள் அத்தியாயம்)

அனைவருக்கும் வணக்கம்.

> ஐட்லிங் என்பதற்குச் செயலற்ற வேகம் என்றே கையேட்டில் போட்டுவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

ஐயா, இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஐட்லிங் என்பது ஆக்சிலரேட்டரை முறுக்காமல் விட்டிருக்கும்போது இன்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கிற நிலை. செயலற்ற என்றதும் ஒன்றுமே நடக்காத நிலை என்றுதான் படிக்கிறவர் எடுத்துக்கொள்வார். சிக்னலில் நியூட்ரலில் நிற்கிற ஸ்பிளெண்டரை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 1400 சுற்று சுற்றிக்கொண்டிருக்கிறது. சக்கரத்துக்கு எதுவும் போகவில்லை, சரி. ஆனால் பெட்ரோல் எரிந்து கிடைக்கிற வேலை முழுக்க பிஸ்டன் ரிங் உரசலைத் தாண்டவும், வால்வு ஸ்பிரிங்கை அழுத்தவும், ஆயில் பம்பைச் சுற்றவும், ஏறக்குறைய மூடிக்கிடக்கிற திராட்டில் (ஆக்சிலரேட்டரை முறுக்கினால் திறக்கிற காற்றுத் தடுப்பு) வழியாகக் காற்றை இழுக்கவும்தான் செலவாகிறது. தன்னைத் தானே ஓட்டிக்கொள்ளவே அது பாடுபடுகிறது.

நாம் எழுதுகிற அத்தியாயமே இன்ஜின் இறக்கி வேலை பார்த்த பிறகு ஐட்லிங் ஏன் மாறுகிறது என்பதைப் பற்றியது. செயலற்ற ஒன்று எப்படி மாறும் என்று மாணவன் கேட்டால் என்ன சொல்வது? சிலிண்டரைப் போர் செய்து (உள்சுவரைக் கடைந்து அகலமாக்கி), புது பிஸ்டன் ரிங் போட்டு மாட்டினால் உரசல் கூடியிருக்கும், அதனால் ஐட்லிங்கைக் கூட்டிக் குறைக்கிற ஸ்க்ரூவைத் தொடாமலே ஐட்லிங் இறங்கும், சில சமயம் வண்டி நின்றே போகும். மெக்கானிக் ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றி வைத்து அனுப்புவார். ரிங் படியப் படிய உரசல் குறையும், ஏற்றி வைத்த ஐட்லிங் தானாக மேலே போகும், வண்டிக்காரர் வேலை சரியில்லை என்று திரும்பி வருவார். வேலையில் குறையே இல்லை, ஸ்க்ரூவை மறுபடி இறக்கினால் போதும். இந்த விளக்கம் முழுக்க உரசலை நம்பி நிற்கிறது, "செயலற்ற" அதை மறைத்துவிடுகிறது.

> அப்படியானால் வெற்றோட்டம்? சுமை இல்லாமல் ஓடுவதுதானே.

இது எவ்வளவோ மேல். ஆனால் நியூட்ரலில் போட்டு ஆக்சிலரேட்டரை முறுக்கி 5000 சுற்றுக்கு ரேஸ் செய்தாலும் சுமை இல்லாத ஓட்டம்தான், அதை யாரும் ஐட்லிங் என்று சொல்ல மாட்டார்கள். சுமை இல்லை என்பது பாதி இலக்கணம்தான், ஆக்சிலரேட்டரை விட்டதும் இன்ஜின் இறங்கி வந்து தங்குகிற ஓட்டம் என்பது மீதி. பட்டறையில் "ஸ்லோ நிக்கல", "ஸ்லோ வைங்க" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள், அவர்கள் பிடித்து வைத்திருப்பது அந்த மீதியைத்தான்.

அதனால் என் பரிந்துரை தணிவோட்டம். தணிந்து நிற்கிற ஓட்டம். தணிவோட்ட வேகம், தணிவோட்டத் திருகு என்று சேர்த்து எழுதவும் வருகிறது.

ஒரு கலைச்சொல்லைத் தனியாகப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, கோளாறு பார்க்கிற வாக்கியத்துக்குள் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. வைத்துப் பார்த்தேன்:

"ரேஸை விட்டும் உடனே தணிவோட்டத்துக்கு வராமல் மேலேயே தொங்கினால், முதலில் ஆக்சிலரேட்டர் கேபிளில் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா என்று பார், அப்புறம் கார்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் காற்று இழுக்கிறதா என்று பார்." வேலை முடித்து மாட்டும்போது அந்த இணைப்பில் இருக்கிற பழைய ஓ-ரிங்கையே (ரப்பர் வளையம்) திரும்பப் போட்டால் பெரும்பாலும் இங்கேதான் கசியும். இன்ஜின் ஓடும்போது அந்த இணைப்பின் மேல் கொஞ்சம் தண்ணீரைப் பீச்சினால் ஓட்டம் சட்டென்று மாறும், அதுவே சாட்சி.

"குளிர்ந்திருக்கும்போது தணிவோட்டம் நிற்கிறது, சூடானதும் அணைந்துவிடுகிறது என்றால் டேப்பெட்டைப் பார்." இதை அத்தியாயத்தில் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். வால்வைத் தேய்த்து உட்கார வைக்கும்போது அது இருக்கையில் இன்னும் உள்ளே இறங்கும், அதன் தண்டு முனை அந்த அளவுக்கு ராக்கர் (வால்வை அழுத்தித் திறக்கிற கை) பக்கம் ஏறும், இரண்டுக்கும் நடுவில் விட வேண்டிய டேப்பெட் இடைவெளி குறையும். குளிர்ந்த நிலையில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) நுழைத்தால் லேசாகப் பிடித்து வழுக்கிக்கொண்டு வர வேண்டும். அது நுழையவே இல்லையென்றால் சூட்டில் தண்டு நீண்டு வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரெஷன் கசியும். குறைந்த சுற்றில் கசிய நேரம் அதிகம் என்பதால் பாதிப்பு முதலில் தெரிவது தணிவோட்டத்தில்தான், ஓட்டத்தில் வண்டி நன்றாகவே போகும்.

"தணிவோட்டமும் சரியில்லை, பிக்கப்பும் இல்லை என்றால் டைமிங் செயின் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறதா என்று பார்." டைமிங் செயின் என்பது வால்வு சரியான நேரத்தில் திறக்கும்படி இன்ஜின் சுற்றோடு இணைக்கிற சங்கிலி. இங்கேயும் சொல் தடங்கல் இல்லாமல் உட்காருகிறது.

"தணிவோட்டம் அதிகமாக இருக்கிறது" என்பது முரணாகப் படும் என்று ஒருவர் கேட்டிருந்தார். வெப்பநிலை குறைவு என்று சொல்லும்போது யாருக்கும் உறுத்துவதில்லை, வெப்பநிலை அங்கே ஓர் அளவின் பெயராகிவிட்டது. தணிவோட்டமும் ஒரு நிலையின் பெயர், அது கூடலாம், குறையலாம்.

பிராக்கெட்டில் ஐட்லிங் என்றும் ஸ்லோ என்றும் முதல் இடத்தில் மட்டும் கொடுத்துவிடலாம், ஏனென்றால் ஐடிஐ முடித்துப் பட்டறைக்குப் போகிற பிள்ளைக்கு அந்தச் சொற்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

சுற்று ஏறி இறங்கி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதற்குத் தணிவோட்ட அலைவு என்று எழுதி வைத்திருக்கிறேன். இயற்பியலில் அலைவு வேறு பொருளில் இருப்பதால் மாணவர் குழம்புவாரா, அல்லது தடுமாற்றம் என்றே போட்டுவிடலாமா? வகுப்பெடுப்பவர்கள் சொல்லுங்கள், அந்தப் பத்தியை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன்.