மறுமுதலீட்டுச் சலுகையா, படியா, கழிப்பா?

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்:

வணக்கம். நாங்கள் தமிழாக்கும் மலேசியச் சிறுதொழில் வரிக் கையேட்டில் ‘ரீஇன்வெஸ்ட்மென்ட் அலவன்ஸ்’ (ஆலையை விரிவாக்கவோ நவீனமாக்கவோ மறுபடி முதல் போடும் நிறுவனத்துக்கு வரிக் கணக்கில் கிடைப்பது) வருகிற இடமெல்லாம் ‘மறுமுதலீட்டுச் சலுகை’ என்று போட்டு வைத்திருக்கிறோம். அதே கையேட்டில் முன்னோடித் தகுதியும் (பயனியர் ஸ்டேட்டஸ்) சலுகை, ஏற்றுமதி விளம்பரச் செலவை இரண்டு மடங்காகக் காட்டுவதும் சலுகை, மானியமும் சலுகை. படிக்கிற முதலாளி எது கைக்கு வரும், எது வரிக் கணக்கில் மட்டும் வரும் என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பார்? ‘மறுமுதலீட்டுப் படி’ சரியா? மலாயிலும் எலாவுன்தானே.

பிறை, பினாங்கு:

படி வேண்டாம். பயணப்படி, வீட்டுப்படி எல்லாம் சம்பளச் சீட்டில் வருகிற காசு. இதில் ஒரு காசும் கைக்கு வராது. ‘மறுமுதலீட்டுக் கழிவு’ என்று இன்னொருவர் தனி மடலில் கேட்டிருந்தார். பிளாஸ்டிக் வார்ப்பு ஆலைக்காரரிடம் அதைச் சொன்னால் குப்பைத் தொட்டியைத்தான் காட்டுவார்.

கணக்கைப் பார்த்தால் சொல் தானே வரும். ஆலை 500,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) வார்ப்பு இயந்திரம் வாங்குகிறது. இயந்திர விலையை ஆண்டாண்டாக வருமானத்தில் கழிப்பது மூலதனக் கழிப்பு. முதலாண்டில் அது தொடக்கக் கழிப்பு 20 விழுக்காடும் ஆண்டுக் கழிப்பு 14 விழுக்காடும் சேர்ந்து 170,000. அதைக் கழித்தபின் சட்டமுறை வருமானம் (ஸ்டாச்சுட்டரி இன்கம்) 400,000 நிற்கிறது என்று வையுங்கள். மறுமுதலீட்டுக்காக இயந்திர விலையில் 60 விழுக்காடு, அதாவது 300,000, மறுபடி உண்டு. ஆனால் பொதுவாகச் சட்டமுறை வருமானத்தில் 70 விழுக்காடு வரைதான் கழிக்கலாம். ஆக 280,000 கழியும், 120,000-க்கு வரி, மீதி 20,000 அடுத்த ஆண்டுக்குப் போகும். ஒரே இயந்திரத்துக்கு இரண்டு கழிப்பும் உண்டு என்றால் பலர் நம்புவதில்லை. அதனால்தான் இரண்டுக்கும் ஒரே குடும்பப் பெயர் வேண்டும்: மூலதனக் கழிப்பு, மறுமுதலீட்டுக் கழிப்பு.

பிரிக்பீல்ட்ஸ்:

ஏற்கலாம். ஆனால் ஒரு தடை. 1967 வருமான வரிச் சட்டத்தின் 7ஏ அட்டவணைப்படி, கழித்த தொகைக்குச் சமமான வருமானம் வரிவிலக்குக் கணக்கில் ஏறுகிறது. பங்குதாரருக்கு வரியில்லாப் பங்காதாயமும் அதிலிருந்து கொடுக்கலாம். அப்படியிருக்க ‘மறுமுதலீட்டு விலக்கு’ என்றே பெயர் வைத்தால் என்ன?

பிறை:

விலக்கு என்பது விளைவு. எவ்வளவு கிடைக்கும் என்பதைச் செலவுதான் தீர்மானிக்கிறது. முன்னோடித் தகுதி அப்படியல்ல: 1986 முதலீட்டு ஊக்குவிப்புச் சட்டத்தின் கீழ் மலேசிய முதலீட்டு மேம்பாட்டு ஆணையமான மீடாவிடம் விண்ணப்பித்து வாங்குவது, பொதுவாக 5 ஆண்டுக்குச் சட்டமுறை வருமானத்தில் 70 விழுக்காட்டுக்கு விலக்கு, இயந்திரம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும். விலக்கு என்ற சொல்லை அதற்கே விட்டுவிடுவோம். இரண்டையும் ஒரே காலத்தில் கோர முடியாது என்பதால் பெயர் குழம்பினால் பணமும் குழம்பும்.

‘வரிக் கழிப்பு’ என்றும் எழுதிவிட வேண்டாம். கழிவது வருமானத்திலிருந்து, வரியிலிருந்து அல்ல. 24 விழுக்காடு கட்டும் நிறுவனத்துக்கு 280,000 கழிந்தால் மிச்சமாகும் வரி 67,200 வெள்ளிதான். 280,000-மும் மிச்சம் என்று எண்ணி இயந்திரத்துக்கு முன்பணம் கட்டுபவர்கள் உண்டு.

கையேட்டுக்கான சொல் விளக்கத்தை இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

மறுமுதலீட்டுக் கழிப்பு: குறைந்தது 36 மாதம் இயங்கிய உற்பத்தி நிறுவனம், விரிவாக்கம், நவீனமாக்கல், தானியங்கியாக்கல், அதே துறையில் புதுப் பொருள் ஆகியவற்றுக்குச் செலவிட்ட மூலதனத்தில் 60 விழுக்காட்டைச் சட்டமுறை வருமானத்திலிருந்து கழிப்பது. மீடாவின் முன் அனுமதி வேண்டாம். வரிப் படிவத்திலேயே கோரலாம். பழைய இயந்திரம் பழுதானதும் அதே திறனில் வேறொன்று வைப்பது மறுமுதலீடு ஆகாது. வாங்கிய பொருளைப் புட்டியில் அடைப்பது உற்பத்தி ஆகாது. 5 ஆண்டுக்குள் இயந்திரத்தை விற்றால் கொடுத்த கழிப்பு பறிபோகும்.

பிரிக்பீல்ட்ஸ்:

நன்று, கழிப்பே இருக்கட்டும். ஒரு வரி சேருங்கள்: முதன்முதலில் கோரிய ஆண்டிலிருந்து தொடர்ந்து 15 ஆண்டுதான். சின்னதாக ஒரு கன்வேயருக்குக் கோரினாலும் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். பெரிய விரிவாக்கம் பின்னால் வருமென்றால் அந்தச் சின்னதைக் கோராமல் விடுவதே லாபம். 15 முடிந்தபின் மீதியைச் சுமந்து செல்ல 7 ஆண்டு வரை உண்டு.

அந்த மீதிக்கும் சொல் வேண்டும். ‘தீராக் கழிப்பு’ என்று எழுதியிருக்கிறேன். ‘பயன்படுத்தப்படாத கழிப்பு’ என்பது அட்டவணைக் கட்டத்துக்குள் நுழையவில்லை.