குவாரி ஸ்கேனில் தூரத்துச் சுவர் மட்டும் விலகுகிறது, உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கிரானைட் குவாரியில் வெட்டிய கல்லின் கன அளவைக் கணக்கிட நெடுந்தூர லேசர் ஸ்கேனர் வைத்து அளக்கிறோம். பள்ளத்தின் விளிம்பில் பிரிசம் (அளவைக் கருவியின் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி) கொடுத்து ஓர் ஆளை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அதனால் எதிர்க்கரையிலிருந்தே ஸ்கேன்.

இரண்டு ஸ்டேஷன்களில் (ஸ்கேனரை நிறுத்திய இடங்கள்) லேசர் அளந்த புள்ளிகளைச் சேர்த்தால் அருகில் சரியாகப் பொருந்துகிறது. 600 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் 6 செ.மீ. விலகல். 10 செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்குதான் ஒரு செகண்ட்) கோணப்பிழையே அந்தத் தூரத்தில் சுமார் 3 செ.மீ. ஆகிவிடும், சரி. இரு ஸ்கேன்களையும் பொருத்த உதவும் குறிகளான டார்கெட்டுகளை எல்லாம் 100 மீட்டருக்குள் வைத்ததுதான் காரணமா?

தூரத்துச் சுவருக்கு ஆளே போகாமல் இதைச் சரிசெய்தவர்கள் இருந்தால் வழி சொல்லுங்கள். அப்புறம், மழையில் நனைந்த பாறையில் புள்ளிகள் மிகவும் குறைகின்றன. எத்தனை நாள் காயவிட்டு அளக்கிறீர்கள்?