கான்ஸ்டபிளின் ‘வைவன்ஹோ பார்க்’ பார்த்து வரைகிறேன்: வீடு ஒட்டவைத்த மாதிரி நிற்கிறது

புதுத்தூரிகை:
வணக்கம். ஆயில் பெயின்ட் பழக ஆரம்பித்திருக்கிறேன். ஆங்கிலேய இயற்கைக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1816இல் வரைந்த ‘வைவன்ஹோ பார்க்’ படத்தை நகலெடுக்கிறேன். இங்கிலாந்தின் எசெக்ஸில் உள்ள மாளிகை, முன்னால் நீர்நிலை, அன்னங்கள், மேயும் மாடுகள். வீட்டை முதலில் எடுத்து ஜன்னல் வரைக்கும் முடித்தாயிற்று. ஆனால் அது காட்சிக்குள் போகாமல் தனியாக நிற்கிறது. மரமும் புல்லும் ஒரே பச்சையாகத் தெரிகின்றன. என்ன செய்யலாம்?

கரிக்கோல்:
மூலத்தையும் உங்கள் படத்தையும் போனில் கறுப்பு வெள்ளையாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் எங்கே தப்புகிறது என்று உடனே தெரியும்.

நிழல்விரும்பி:
கரிக்கோல் சொன்னதை முதலில் செய்யுங்கள். அப்புறம் வீட்டை மறந்துவிடுங்கள். நான் கான்ஸ்டபிளைப் பார்த்தே வரையக் கற்றவன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

அந்தப் படத்தில் வீடு மிகச் சின்னது. ஆனாலும் கண் நேராக அங்கேதான் போகிறது. சுற்றிலும் குளிர்ந்த பச்சை, நடுவில் வெயில் பட்ட செங்கல் நிறம். அந்தப் பச்சை சரியாக வராதவரை வீட்டை எத்தனை முறை திருத்தினாலும் பயனில்லை.

டியூபில் வரும் பச்சையைத் தள்ளி வையுங்கள். தூரத்து மரங்களுக்கு அல்ட்ராமரின் (அடர் நீலம்), வெள்ளை, கொஞ்சம் மஞ்சள் ஆக்கர் (மண் மஞ்சள்) கலந்துகொள்ளுங்கள். கிட்டே உள்ள நிழலுக்கு அல்ட்ராமரினும் ஆக்கரும், கூடவே பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு). வெயில் விழும் புல்லுக்கு மட்டும் லெமன் மஞ்சள். வெள்ளை அட்டையில் சின்ன ஓட்டை போட்டு அதன் வழியாக மூலத்தின் ஒவ்வொரு இடத்தையும் பாருங்கள். புல் என்று நினைத்த இடம் பழுப்பாகவும், மரம் என்று நினைத்த இடம் கிட்டத்தட்ட நீலமாகவும் தெரியும். எனக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுத்தது அந்த ஓட்டைதான் என்றே சொல்வேன்.

வீட்டின் நிறத்தைத் தட்டையாக, தேவையைவிடச் சற்று அகலமாகப் பூசுங்கள். அது ஈரமாக இருக்கும்போதே மரத்தின் பச்சையை அதன் ஓரத்தின் மேல் கொண்டுவாருங்கள். வீட்டின் விளிம்பை மரம்தான் தீர்மானிக்க வேண்டும். ஜன்னல் கடைசி வேலை. கறுப்பு வேண்டாம், செங்கல் நிறத்தையே கொஞ்சம் இருட்டாக்கினால் போதும்.

கேன்வாஸ் அளவையும் பாருங்கள். மூலம் 56.1 x 101.2 செ.மீ. சாதாரண கேன்வாஸில் அடக்கப் பார்த்தால் ஓரங்களை வெட்ட வேண்டிவரும். செய்யாதீர்கள். படத்தைக் கேட்ட மாளிகைச் சொந்தக்காரர் ஜெனரல் ரெபோவுக்குத் தோட்டத்தின் எல்லாப் பகுதியும் வேண்டியிருந்தது. காட்சி கொள்ளாததால் கான்ஸ்டபிள் இரு பக்கமும் துணி சேர்த்துத் தைத்தார். வலது கோடியில் மான்கொட்டகை இருப்பது அதனால்தான். அந்த அகலம் இருந்தால்தான் வீடு தூரமாகத் தெரியும். பாதி அளவில், 28 x 50.6 செ.மீ. என்று வரைந்தால் கணக்கும் சுலபம்.

புதுத்தூரிகை:
ரொம்ப நன்றி சார். வீட்டைச் சுரண்டிவிட்டு வானத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒரு கேள்வி. இப்படியே நகலெடுத்தால் சொந்தக் கை வராமல் போய்விடும் என்கிறார்களே?

நிழல்விரும்பி:
அதை நம்பாதீர்கள். கான்ஸ்டபிள் தன் புகழ்பெற்ற ‘ஹே வெய்ன்’ படத்தை 1821இலேயே வரைந்து முடித்தவர். அதன் பிறகு 1823இல், 47 வயதில், ஓவியச் சேகரிப்பாளர் ஜார்ஜ் போமான்ட் வீட்டில் தங்கி, பதினேழாம் நூற்றாண்டு ஓவியர் கிளாட் லொரெய்ன் படங்களைப் பார்த்து நகலெடுத்தார். அவர் கை எங்கேயும் போய்விடவில்லை. ஈரம் காய்ந்திருந்தால் சுரண்ட வேண்டாம், மேலேயே பூசுங்கள்.

கரிக்கோல்:
முடித்ததும் பின்பக்கம் ‘கான்ஸ்டபிள் படத்தைப் பார்த்து வரைந்தது’ என்று எழுதி உங்கள் பெயரும் தேதியும் போட்டுவிடுங்கள்.