கோட்பிளாக்ஸின் லினக்ஸ் பதிப்பில் மட்டும் செருகுநிரல்கள் விடுபடுவது ஏன்?

கேள்வி:
நிரல் எழுத உதவும் கோட்பிளாக்ஸ் மென்பொருளை விண்டோஸில் பயன்படுத்தி வந்த நான் இப்போது டெபியன் லினக்ஸுக்கு மாறியிருக்கிறேன். பொதி மேலாளர் வழியாக நிறுவியபோது பிழை எதுவும் வரவில்லை. நிரலும் சரியாகவே திறக்கிறது. ஆனால், சாளரங்களை வடிவமைக்க உதவும் டபிள்யூஎக்ஸ்ஸ்மித், எழுத்துப்பிழை திருத்தி ஆகிய இரண்டும் செருகுநிரல் (கூடுதல் வசதி தரும் துணைநிரல்) பட்டியலில் இல்லை. வேறொரு கணினியிலிருந்து உரிய .எஸ்ஓ கோப்பை (செருகுநிரலின் இயங்கு நிரல் இருக்கும் கோப்பு) நகலெடுத்து வைத்தும் பயனில்லை. மூலநிரலிலிருந்து தொகுப்பதுதான் ஒரே வழியா?

பதில் 1:
அதற்குத் தேவையே இல்லை. நீங்கள் தேடும் இரண்டும் பங்களிப்புச் செருகுநிரல்கள் என்ற பிரிவைச் சேர்ந்தவை; டெபியனில் அவை 'கோட்பிளாக்ஸ்-கான்ட்ரிப்' என்னும் தனிப் பொதியில் கிடைக்கின்றன. அதை நிறுவிவிட்டு நிரலை மூடித் திறந்தால் போதும்.

நகலெடுத்த கோப்பு இயங்காததற்கும் காரணம் உண்டு. ஒவ்வொரு செருகுநிரலும் .எஸ்ஓ கோப்பும் அதற்கு இணையான ஒரு ஜிப் கோப்புமாகச் சேர்ந்தே வரும். செருகுநிரலின் பெயர், பதிப்பு முதலிய விவரங்களைச் சொல்லும் மேனிஃபெஸ்ட் அந்த ஜிப்புக்குள்தான் இருக்கிறது. இரண்டும் இருந்தாலும், வேறொரு எஸ்டிகே (செருகுநிரல் எழுதுவதற்கான கருவித்தொகுப்பு) பதிப்புக்காகத் தொகுக்கப்பட்ட செருகுநிரலை கோட்பிளாக்ஸ் ஏற்றுக்கொள்ளாது.

பதில் 2:
மூலநிரலைத் தொகுப்பவர்களும் இதே இடத்தில் தடுமாறுகிறார்கள். தொகுப்புக்கு முன் எவை வேண்டும் என்று தீர்மானிக்கும் கான்ஃபிகர் கட்டளையில் பங்களிப்புச் செருகுநிரல்கள் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டால் ஒழிய அவை தொகுக்கப்படுவதில்லை. எழுத்துப்பிழை திருத்திக்கு ஹன்ஸ்பெல் நூலகம் தேவை. நிரலின் அமைப்பைப் படமாகக் காட்டும் நாசி-ஷ்னைடர்மன் வரைபடச் செருகுநிரலுக்கு பூஸ்ட் நூலகம் தேவை. இவற்றையெல்லாம் பிரதானப் பொதியின் சார்புகளாக்கினால், வெறும் தொகுப்பியும் திருத்தியும் போதும் என்பவரும் அத்தனையையும் சுமக்க நேரும் என்பதால், பொதியாளர்கள் பிரித்துத் தருவதை நான் குறை சொல்லமாட்டேன். கோப்பு இருந்தும் செருகுநிரல் ஏறவில்லை என்றால், ஒரு கோப்புக்குத் தேவையான நூலகங்களைப் பட்டியலிடும் எல்டிடி கட்டளையை அதன்மீது இயக்கிப் பாருங்கள்; 'நாட் ஃபவுண்ட்' என்று வரும் வரியே விடுபட்ட நூலகத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பதில் 3:
பிரிப்பது நியாயம்தான், சொல்லாமல் பிரிப்பதுதான் வருத்தமளிக்கிறது. பைத்தானை மூலநிரலிலிருந்து தொகுக்கும்போது, டிகே நூலகத்தின் தலைப்புக் கோப்புகள் இல்லையென்றால் சாளரங்களை உருவாக்க உதவும் டிகின்டர் கூறு இல்லாமலேயே தொகுப்பு முடிந்துவிடும். ஆனால் எந்தெந்தக் கூறுகள் விடுபட்டன என்பதை இறுதியில் அதுவே பட்டியலிட்டுச் சொல்கிறது. அந்தப் பட்டியல் தொகுப்பவரின் திரையோடு நின்றுவிடாமல், பொதியின் விவரக்குறிப்பிலும் இடம்பெற வேண்டும். எவை உள்ளே இருக்கின்றன, எவை எந்தப் பொதியில் இருக்கின்றன என்று 2 வரி எழுதியிருந்தால், கேள்வி கேட்டவர் கோப்புகளை நகலெடுக்கப் போயிருக்கமாட்டார்.