எஸ்எஸ்எச் வழியே பெயர் பதியும்போது தமிழ் எழுத்து சரியாக அழியவில்லை; டெர்மினல் அமைப்பில் எதைப் பார்ப்பது?

கோத்தகிரிக் கணக்கர்

வணக்கம். கோத்தகிரிக்கு அருகே உள்ள ஒரு பசுந்தேயிலைக் கொள்முதல் நிலையத்தில், கொழுந்து கொண்டுவருவோரின் பெயர், ஊர், எடை ஆகியவற்றைப் பதிவதற்கு ஒரு சிறிய லினக்ஸ் கணினி இருக்கிறது. அதில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து வேறொரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாக நுழைந்து, லினக்ஸின் கட்டளை மொழியான பாஷில் எழுதிய ஒரு சிறு நிரலை இயக்கிப் பதிவு செய்கிறோம். குன்னூர் அலுவலகத்தில் உள்ள பழைய கணினியிலிருந்து நுழையும்போது, ஊர்ப் பெயரைத் தவறாக அடித்துவிட்டு பேக்ஸ்பேஸ் விசையைத் தட்டினால், எழுத்து அழியாமல் ^எச் என்ற குறி வந்து நிற்கிறது. அதே கணினியில் வெறும் கட்டளை வரியில் தட்டினால் ஒழுங்காக அழிகிறது. என் மடிக்கணினியிலிருந்து நுழைந்தால் நிரலுக்குள்ளும் எந்தச் சிக்கலும் இல்லை. எங்கே தேடுவது என்று யாரேனும் வழி காட்டினால் உதவியாக இருக்கும்.

உதகை வாசி

கட்டளை வரியில் அழிகிறது, நிரலுக்குள் அழியவில்லை என்று நீங்கள் குறிப்பிட்டது பாதி விடையைச் சொல்லிவிட்டது. பாஷ் தன் கட்டளை வரியை ரீட்லைன் என்ற நூலகத்தின் மூலம் தானே கையாள்கிறது. பேக்ஸ்பேஸ் எந்தக் குறியீட்டை அனுப்பினாலும் அது ஏற்றுக்கொள்ளும். நிரலில் உள்ளீட்டை வாங்கும் ரீட் கட்டளையோ அந்தப் பொறுப்பை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிடம் விட்டுவிடுகிறது. கெர்னலுக்கு அழிக்கும் விசை என்று ஒரே ஒரு குறியீடுதான் தெரியும்.

இரண்டு கணினிகளிலிருந்தும் தனித்தனியே நுழைந்து, டெர்மினல் (கட்டளை தட்டும் திரை) அமைப்புகளைக் காட்டும் எஸ்டிடிஒய் -ஏ என்ற கட்டளையைக் கொடுத்து, வருவதில் இரேஸ் (அழிக்கும் விசையின் குறியீடு), ஐயுடிஎஃப்8 (ஓர் எழுத்து பல பைட்டாக வரும் என்று கெர்னலுக்குச் சொல்வது) என்ற இரண்டு சொற்களுக்கு அருகே என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். (நான் ஒலிப்பின்படி எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும்.) முன்னால் கழித்தல் குறி இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். அந்தக் குறி இருந்தால் அந்த அமைப்பு அணைந்திருக்கிறது என்று பொருள்.

கோத்தகிரிக் கணக்கர்

நன்றி ஐயா. இரண்டிலும் இரேஸ் = ^? என்றுதான் இருக்கிறது. ஆனால் மடிக்கணினியில் ஐயுடிஎஃப்8, அலுவலகக் கணினியில் -ஐயுடிஎஃப்8. அலுவலகத்தில் எஸ்டிடிஒய் இரேஸ் '^எச்' என்று கொடுத்துப் பார்த்தேன். குறி வருவது நின்றது. ஆனால் இப்போது வேறு சிக்கல். 'குன்னூர்' என்று அடித்து, கடைசி எழுத்தை அழித்தால் திரையில் போய்விட்டது போலத் தெரிகிறது. கோப்பைத் திறந்தால் அந்த இடத்தில் கேள்விக்குறியிட்ட கட்டம் இருக்கிறது. இன்னும் சில முறை தட்டினால் 'ஊர்:' என்று நிரல் காட்டும் சொல்லையே அது தின்றுவிடுகிறது.

உதகை வாசி

எதிர்பார்த்ததுதான். இவை இரண்டு தனிச் சிக்கல்கள்.

முதலாவது, அலுவலகக் கணினியின் இணைப்பு மென்பொருள் பேக்ஸ்பேஸுக்கு 8 என்ற எண்ணை அனுப்புகிறது. கெர்னல் 127ஐ எதிர்பார்க்கிறது. இதை அந்த மென்பொருளின் அமைப்பிலேயே 127 என்று மாற்றிவிடுவது நல்லது. எஸ்டிடிஒய் மூலம் செய்யும் மாற்றம் அந்த ஒரு நுழைவோடு முடிந்துவிடும். நிரந்தரமாக்குகிறேன் என்று, பாஷ் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில் எழுதினால், 127 அனுப்பும் உங்கள் மடிக்கணினியிலிருந்து நுழையும்போது பேக்ஸ்பேஸ் வேலை செய்யாது.

இரண்டாவது நம் மொழிக்கே உரிய தொல்லை. எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் இடம் பிடிக்கிறது. 'ர்' என்பது ரகரமும் புள்ளியுமாக இரண்டு குறியீடுகள், ஆக 6 பைட்: 224 174 176, பிறகு 224 175 141. ஐயுடிஎஃப்8 அணைந்திருந்தால், கெர்னல் ஒவ்வொரு பைட்டையும் ஓர் எழுத்து என்று நம்பி, ஒரு தட்டலுக்கு ஒரு பைட்டை மட்டும் எடுக்கிறது. நீங்கள் ஒருமுறை தட்டியதில் 141 மட்டும் போயிருக்கும். 224 175 என்ற உடைந்த துண்டு கோப்பில் தங்கிவிட்டது. அதுதான் அந்தக் கேள்விக்குறிக் கட்டம். கோப்பின் பைட்டுகளை எண்களாகக் காட்டும் 'ஓடி -டியு1' கட்டளையில் அதைத் திறந்தால் இந்த எண்களை நீங்களே பார்க்கலாம். ஒவ்வொரு பைட்டுக்கும் திரையில் ஒரு கட்டம் பின்னால் நகர்வதால்தான் 'ஊர்:' என்பதும் அழிகிறது.

மடிக்கணினியில் இது ஏன் சரியாக இருக்கிறது என்றால், புதிய எஸ்எஸ்எச் மென்பொருள்கள் 'எங்கள் பக்கம் யுடிஎஃப்-8' என்ற செய்தியை நுழையும்போதே தெரிவிக்கின்றன. பரவலாகப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருள் இதை 2016இல் வெளிவந்த 7.3 பதிப்பில் சேர்த்தது. 2017இல் ஆர்எஃப்சி 8160 என்ற இணைய ஆவணமாக அது நெறிமுறையாகவும் வெளியிடப்பட்டது. அதற்கு முந்தைய மென்பொருள் இதைச் சொல்லாது. எனவே அலுவலகத்தில் எஸ்டிடிஒய் ஐயுடிஎஃப்8 என்று கொடுத்துவிட்டு மீண்டும் பெயரைப் பதிந்து பாருங்கள். முடிந்தால் மென்பொருளையே புதுப்பியுங்கள்.

கோத்தகிரிக் கணக்கர்

அலுவலகத்தில் கோப்பு இப்போது சுத்தமாக இருக்கிறது. ஆனால் இன்று மடிக்கணினியிலும் அதே கட்டம் வந்துவிட்டது! கடவுச்சொல் கேட்கும் கட்டத்தில் ஒரு நிரல் சிக்கிக்கொண்டதால், அதை வேறொரு நுழைவிலிருந்து கொன்றோம். அதன் பிறகு தட்டுவது எதுவும் திரையில் தெரியவில்லை. இணையத்தில் எல்லோரும் சொல்வதுபோல எஸ்டிடிஒய் சேன் என்று கண்ணை மூடிக்கொண்டு தட்டினோம். எழுத்துகள் தெரிந்தன, தமிழ் கெட்டது.

கொடைக்கானல் ஆசிரியை

இதற்கு நான் பதில் சொல்லலாம், ஏனெனில் எங்கள் மாணவர்கள் இதில் அடிக்கடி மாட்டுகிறார்கள். சேன் என்பது எல்லாவற்றையும் நல்ல நிலைக்குக் கொண்டுவரும் மந்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு நீளமான அமைப்புப் பட்டியலின் சுருக்கப் பெயர் மட்டுமே. குனூ கருவித் தொகுப்பில் உள்ள எஸ்டிடிஒய் கட்டளையின் கையேட்டைத் திறந்து அந்தப் பட்டியலைப் படித்தால், நடுவில் -ஐயுடிஎஃப்8 என்று தெளிவாக இருக்கும். அதாவது சேன் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் தமிழுக்கு வேண்டியதை அது அணைத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் மட்டும் தட்டுவோருக்கு இது ஒருபோதும் தெரியாது.

ஆகவே சேன் கொடுத்தால், அதே வரியில் எஸ்டிடிஒய் சேன் ஐயுடிஎஃப்8 என்று சேர்த்தே கொடுங்கள். நிரல் உங்களுடையது என்றால் இன்னும் நல்ல வழி உண்டு: தொடக்கத்தில் எஸ்டிடிஒய் -ஜி தரும் நீண்ட குறியீட்டு வரியை ஒரு மாறியில் பிடித்து வைத்து, முடிக்கும்போது அதையே எஸ்டிடிஒய் கட்டளைக்குத் திருப்பிக் கொடுத்தால், முன்பு இருந்த நிலை அப்படியே திரும்பிவிடும். எண்டர் விசையும் வேலை செய்யாத அளவுக்கு டெர்மினல் கெட்டிருந்தால், எண்டருக்குப் பதில் கன்ட்ரோல்-ஜே தட்டுங்கள்.

'திரை உறைந்துவிட்டது' என்று உங்கள் நிலையத்தில் யாராவது சொன்னால், பெரும்பாலும் சேமிக்கும் பழக்கத்தில் கன்ட்ரோல்-எஸ் தட்டியிருப்பார்கள். கன்ட்ரோல்-க்யூ அதை விடுவிக்கும். எஸ்டிடிஒய் -ஐக்ஸான் கொடுத்தால் அந்த நுழைவில் மீண்டும் வராது.

கோத்தகிரிக் கணக்கர்

மிக்க நன்றி அம்மா. பாஷ்ஆர்சி கோப்பின் முதல் வரியில் எஸ்டிடிஒய் ஐயுடிஎஃப்8 என்று சேர்த்தேன். ஆனால் இரவில் எஸ்எஸ்எச் வழியே தானாக நடக்கும் கோப்பு நகலின் பதிவேட்டில், நிலையான உள்ளீடு இந்தச் செயலுக்குப் பொருந்தாது என்ற பிழை ஆங்கிலத்தில் வருகிறது. நகல் மட்டும் ஒழுங்காக நடக்கிறது.

உதகை வாசி

நகல் எடுக்கும் வேலைக்கு டெர்மினலே கிடையாது. இல்லாத ஒன்றின் அமைப்பை மாற்றச் சொன்னால் எஸ்டிடிஒய் முறையிடத்தான் செய்யும். அந்த வரியை [ -டி 0 ] && எஸ்டிடிஒய் ஐயுடிஎஃப்8 என்று மாற்றுங்கள். உள்ளீடு உண்மையில் டெர்மினலாக இருந்தால் மட்டும் அது இயங்கும்.

ஒன்று மட்டும் மீதம் இருக்கிறது. ஐயுடிஎஃப்8 இருந்தால் கோப்பு சரியாக இருக்கும், ஆனால் புள்ளி போன்ற குறிகள் திரையில் தனி இடம் பிடிப்பதில்லை என்பதைக் கெர்னல் பொதுவாகக் கணக்கில் கொள்வதில்லை. அதனால் நீளமான ஊர்ப் பெயரை முழுவதும் அழிக்கும்போது 'ஊர்:' என்ற சொல் இன்னமும் தேயலாம். உங்கள் நிரலில் ரீட் என்று இருக்கும் இடத்தில் ரீட் -ஈ என்று எழுதி, 'ஊர்:' என்பதையும் அதற்கே -பி மூலம் கொடுத்துவிடுங்கள். அப்போது கெர்னலுக்குப் பதில் ரீட்லைன் அந்த வரியை ஏற்கும். மொழி அமைப்பு மட்டும் யுடிஎஃப்-8 என்று இருக்கிறதா என லொக்கேல் கட்டளையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோத்தகிரிக் கணக்கர்

ரீட் -ஈ மாற்றிய பிறகு இரண்டு கணினிகளிலும் அழித்துப் பார்த்தேன். 'ஊர்:' அசையவில்லை, 'ஓடி' கட்டளை காட்டும் எண்களும் மூன்று மூன்றாகவே முடிகின்றன, கடைசியில் வரி முடிவுக்கான 10 மட்டும் தனியே.