புதுப்பிப்பு: பீட்டா (ஃபைட்டர்) மீன் தொட்டியில் ஃபில்டர் வேகம் குறைந்தது

யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி. காரைக்குடி வீட்டின் 20 லிட்டர் தொட்டியில், ஃபில்டர் தள்ளும் நீரில் பீட்டா மீன் சருகு போல அடித்துச் செல்லப்படுவதாக எழுதியிருந்தேன்.

நீர் வரும் வாயைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிப் பார்த்தேன், சுழல்தான் மிச்சம். பலன் தந்தது, வாயில் ஸ்பாஞ்சு மாட்டச் சொன்ன யோசனை. சோப்பு படாத புது ஸ்பாஞ்சு, நடுவே ஒரு கீறல், அவ்வளவுதான். அன்று மாலையே துடுப்பை விரித்து நீந்தினான்.

எதிர்பாராதது: பத்தே நாளில் ஸ்பாஞ்சு அடைத்து, நீர் பக்கவாட்டில் பீய்ச்சி, ஆத்தங்குடிக் கல் தரையெல்லாம் ஈரம். ஆச்சியிடம் வாங்கிய வசவு தனிக்கதை. இப்போது வாரம் ஒருமுறை, தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுகிறேன். குழாய்நீரில் குளோரின் இருந்தால் ஸ்பாஞ்சில் வளர்ந்து மீன் கழிவைச் சிதைக்கும், நன்மை செய்யும் பாக்டீரியா செத்துவிடும்.

இன்னொன்று, மேற்பரப்பு அடங்கியதும் மூலையில் நுரைக்கூடு (முட்டைகளுக்காக ஆண் பீட்டா குமிழிகளால் கட்டும் கூடு) கட்டியிருக்கிறான்!