அடுத்து என்ன படிக்கலாம்? ஒரு நாவல், ஒரு அபுனைவு நூல் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஆறேழு மாதமாக எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் பாதியில் நின்றுவிடுகிறது. துப்பறியும் நாவல்களும் வரலாற்று நாவல்களுமே படித்துவந்ததால், கதை எங்கே போகும் என்பது முன்பே தெரிந்துவிடுகிறது.

கிண்டில் பரிந்துரை, குட்ரீட்ஸ், விருதுப் பட்டியல் எல்லாம் பார்த்தாயிற்று. படித்ததைப் போலவே இன்னொன்றைத்தான் நீட்டுகின்றன. நூலகத்தில் டூயி எண் (நூல்களைப் பொருள்வாரியாக அடுக்கும் எண்) 500 அறிவியல் அடுக்கில் கைக்கு வந்ததை எடுத்ததுதான் கொஞ்சம் பலித்தது: பூஞ்சைகள் பற்றிய நூல். மரவேர் சர்க்கரை கொடுக்க, பூஞ்சை இழை பாஸ்பரஸ் கொடுக்கும் அந்தப் பண்டமாற்றுப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அடுத்து எடுத்தவை பாடப்புத்தக நடை, ஓடவில்லை.

தமிழ் அல்லது நல்ல மொழிபெயர்ப்பு, 300 பக்கத்துக்குள். சுயமுன்னேற்றம் வேண்டாம்.

உங்களைப் பழகிய ரசனையிலிருந்து வெளியே இழுத்த நாவல் ஒன்றும் அபுனைவு ஒன்றும் எவை?